நொத்தாரிசு இல்லாத ராசா

என்ன மகன், நாடகத்துல வாற ஆளை ஒரு மிருகத்தோட ஒப்பிட்டு எழுதச் சொன்னாங்களாம். நீ புலியா, பாம்பா, நரியா எண்டு தலையப் பிச்சிக்கொண்டு கிடக்கிறியாம். போன்ல தேடினியாம். அட்டவணையும் போட்டாச்சாம். இடப்பக்கம் ஆள்ட குணம், வலப்பக்கம் மிருகத்துட குணம், நடுவுல அம்புக்குறி. அம்புக்குறிக்குச் சிவப்பு மை. கட்டுரை எங்க எண்டு கேட்டா, அது இன்னும் வரல்லையாம். பரவாயில்ல, மை காயட்டும். இஞ்ச வந்து குந்து.

எனக்கு இங்கிலீசு பஸ் போர்ட் வாசிக்கத்தான் காணும். ஆனா கதை தெரியும். காரைதீவு எங்கட பக்கத்து ஊர்தானே? அங்க 1892ல பிறந்து, கல்முனையில மெதடிஸ்த பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ளதான் புறகு விபுலானந்த அடிகளார் ஆனது. 1926ல ‘மதங்க சூளாமணி’ எண்டு ஒரு புத்தகம் போட்டார் அந்த மனிசன். ஷேக்ஸ்பியர்ட பன்னிரண்டு நாடகத்த எடுத்து, தமிழ் நாடக இலக்கணத்துக்குப் பக்கத்துல வச்சிப் பாத்தார். லியர் ராசாட கதையும் அதுல இரிக்கி. பக்கத்து ஊரான் நூறு வருசத்துக்கு முந்தித் தமிழில தந்தத, நீ இப்ப போன்ல தோண்டி எடுக்கிறாய். தோண்டு, தோண்டு. டேட்டா உன்ட வாப்பாட காசு.

சரி, லியர எடுப்பம். உன்ட அட்டவணையிலயும் முதல் பேர் அவன்ட மகள்மார்தானாமே.

ராசாக்கு எண்பது தாண்டிற்று. மூணு பொம்புளப் புள்ள. நாட்டப் பிரிச்சிக் குடுக்கப் போறன், ஆருக்கு என்னில கூட விருப்பம், சொல்லுங்க பாப்பம் எண்டான். மூத்தவள் கோனரில் தேனை ஊத்தினா. அடுத்தவள் ரீகன் அதுக்கு மேல சீனியும் போட்டா. இளையவள் கொர்டீலியா, மகளுக்குக் கடமை எவ்வளவோ விருப்பமும் அவ்வளவு எண்டு நேராச் சொன்னா. அவளுக்கு ஒரு பிடி மண்ணும் இல்லாமப் போச்சி. பிரான்ஸ் ராசா சீதனமில்லாமலே கட்டிக்கொண்டு போனான். (அப்பிடி ஒரு மாப்பிள நம்மட பக்கம் இருந்தா ஊரும் பேரும் எழுதி அனுப்பு. இஞ்ச பலபேர் தேடிக்கொண்டு இரிக்காங்க.)

ராசா தனக்கெண்டு வச்சிக்கொண்டது என்ன? நூறு வீரர். ராசா எண்ட பேர். மாசத்துக்கு ஒரு மகள்ட ஊடு. அவ்வளவுதான். கொஞ்ச நாள் போகல்ல, மகளுக்குச் சலிச்சிப் போச்சி. நூறு ஐம்பதாச்சி. ஐம்பது இருபத்தஞ்சாச்சி. கடைசியில ஒருத்தன்தான் எதுக்கு எண்டாளுகள். குறைக்கத் தொடங்கினதுமே கிழவன்ட வாய் திறந்திச்சி. மகள் பிராந்து. மகள் பாம்பு. மகள் ஓநாய். மருமகன் ஒருத்தனும் சேந்து புலி எண்டான்.

இப்ப கேளு மகன். நாடு பிரிக்கக்குள்ள அவள் கண்மணி. பந்தி சுருங்கக்குள்ள பிராந்து. அதே பொம்புள, அதே மூக்கு. எது மாறின? கணக்கு மாறின. உன்ட அட்டவணையில அதுக்கு ஒரு கட்டம் இரிக்கா?

எங்கட கரையோரத்துல, மருதமுனையில இருந்து பொத்துவில் மட்டும், பொம்புளப் புள்ள பெத்த வாப்பா எல்லாரும் லியர்தான். மூத்தவளுக்குக் கலியாணம் பேசினா, இருக்கிற ஊடு அவள்ட பேருக்குப் போகும். மாப்பிள வந்து ஏறுவான். வாப்பாவும் உம்மாவும் வளவுக்குள்ளயே ஒரு பக்கமா இன்னொண்டு எழுப்புவாங்க. அது ரெண்டாமவளுக்கு. கடைசிக் குமரையும் கரைசேத்துப் போட்டு, குசினிக்குப் பின்னால ஒரு பத்தி இறக்கி, மனிசன் பாய் விரிப்பான். அமெரிக்காவில இருந்து மக்கில்வ்ரே எண்டு ஒரு புறபசர் அக்கரைப்பற்றுக்கு வந்து இருந்து, எங்கட இந்த வழக்கத்தையெல்லாம் ஆராய்ஞ்சி 2008ல தடிச்ச புத்தகம் போட்டார். நமக்கு அது புத்தகமில்ல, பொழுது விடிஞ்சா காணுற காட்சி.

லியர் ஒரு தரம்தான் பிரிச்சான். அஞ்சு குமர் பெத்தவன் இஞ்ச அஞ்சு தரம் பிரிக்கான். ஆனா அவன் புயலுக்குள்ள தலைவிரிச்சிக்கொண்டு நிண்டத நான் காணல்ல. ஏன் தெரியுமா? அவன் ஆருக்கு என்னில கூட விருப்பம் எண்டு கேக்கல்ல. அவன் நொத்தாரிசிட்டப் போனான். ‘உறுதி எழுதுங்க, சீவிய உரித்து எனக்கு’ எண்டான். ஊடு மகளுக்கு, மூச்சிருக்கு மட்டும் திண்ணை எனக்கு. முத்திரை ஒட்டி, ஒப்பம் வச்சி, தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தான். லியர்ட அரமனையில இவ்வளவு பேர் நிண்டாங்களே, ஒரு நொத்தாரிசு நிண்டிருந்தா அஞ்சு அங்கமும் வேணாம், முதலாம் அங்கத்தோட சனம் ஊட்டுக்குப் போயிருக்கும்.

பத்தியில கிடக்கிறவனெல்லாம் மகராசனா வாழுறான் எண்டு நான் பொய் சொல்ல வரல்ல. தேத்தண்ணி பிந்தும். டீவிச் சத்தம் கூடும். அப்ப அவனும் ஏசுவான். ‘எருமை, எருமை, காது கேக்காத எருமை’ எண்டுவான். ஏசிப் போட்டு, எருமை கொண்டந்த தேத்தண்ணியக் குடிப்பான். சீனி காணாது எண்டு அதுக்கும் ஒரு மிருகம் வச்சிருப்பான்.

சரி, மகள்மார்ட பக்கத்தையும் பாக்கத்தானே வேணும்? நூறு வீரர் எண்டா லேசா மகன்? கந்தூரிக் கணக்குல சொல்றன். ஒரு சஹன் தட்டச் சுத்தி ஆறு பேர் எண்டு வை. பதினேழு சஹன். ஒரு நேரத்துக்கு. மூணு நேரத்துக்கு ஐம்பத்தொண்டு. அதுவும் ஒரு நாளைக்கு! அவனுகள் சும்மா சாப்பிட்டுப் போறவனுகளா? வேட்டைக்குப் போவானுகள், வருவானுகள், கூச்சல் போடுவானுகள், வேலைக்காரனுக்கு அடிப்பானுகள். உன்ட ராத்தாட ஊட்டுக்கு நீ நாலு கூட்டாளியக் கூட்டிக்கொண்டு போனதுக்கே அவள் என்ன முகம் காட்டினா? அப்ப உன்ட ராத்தா என்ன மிருகம்? சொல்லன் பாப்பம். அவளுக்கு முன்னால நிண்டு சொல்லன்.

அந்த ரெண்டு பேரும் நல்லவளுகள் எண்டு நான் வாதாட வரல்ல. கிளஸ்டர் எண்ட வயசாளிட கண்ணத் தோண்டக்குள்ள ரீகன் பக்கத்துல நிண்டு மத்தக் கண்ணையும் தோண்டச் சொன்னா. கோனரில் கூடப் பிறந்தவளுக்கே நஞ்சு வச்சா. ஆனா மகன், நஞ்சு வாங்கி வச்சிக் கலக்கிக் குடுக்கிற பிராந்த நீ எங்கயாவது கண்டிரிக்கியா? சாய்ந்தமருதுக் கடக்கரையில பிராந்து மீன் கூடைக்கு மேல வட்டமடிக்கும். சூடை கண்டா ஒண்டத் தூக்கும். வயிறு நிரம்பினா தென்னையில போய்க் குந்தும். கூடைக்காரிட கண்ணத் தோண்டாது. நாற்காலியில கட்டி வச்சிக் கண் தோண்டுறது மனிசன் கண்டுபிடிச்ச தொழில். அதக் கொண்டுபோய் பறவைட தலையில கட்டினா அது எந்தக் கோட்டுக்குப் போய் வழக்கு வைக்கும்?

இன்னொண்டும் இரிக்கி. லியர் மகள்மாரக் கூழைக்கடா எண்டும் ஏசுறான். ஏன் எண்டா, அந்தக் காலத்து வெள்ளக்காரன்ட நம்பிக்கை, கூழைக்கடாக் குஞ்சு தாய்ட நெஞ்சு ரத்தத்தக் குடிச்சி வளருதாம். எங்கட பக்கத்துக் குளங்கள்ல கூழைக்கடா வந்து இறங்குறத நான் கிட்ட நிண்டு பாத்திரிக்கன். பெரிய சொண்டு. அதுக்குக் கீழ தொங்குற பை. தண்ணியோட சேத்து மீனக் கோலி, தலையச் சரிச்சித் தண்ணிய வடியவிட்டு, மீன விழுங்கும். குஞ்சுக்குப் பசிச்சா அது தாய்ட பைக்குள்ள தலைய முழுசா ஓட்டி, தொண்டை மட்டும் போய், அரைகுறையாச் சமிச்ச மீனத் தோண்டித் திண்ணும். தாயும் சேந்து ஆடும். தூரத்துல நிண்டு பாத்தவன் ரத்தம் குடிக்கி எண்டு நினைச்சிருப்பான். கிட்டப் போயிருந்தா நாத்தம் சொல்லியிருக்கும் அது மீன் எண்டு. ராசாமார் கிட்டப் போறதில்லத்தானே.

நீ அட்டவணை போட்டது பெரிய புதினம் எண்டு நினைக்காத. ஓக்ஸ்போர்ட்டுல பிராட்லி எண்டு ஒரு புறபசர் 1904லயே லியர் நாடகத்துல வாற சீவராசிகள வரிசையா எழுதி வச்சிட்டார். நாய், குதிரை, மாடு, பண்டி, கரடி, குரங்கு, ஆந்தை, எலி, தவளை, தவளைக்குஞ்சு, பூச்சி, புழு எண்டு போகுது. நாடகமா அது, தெகிவளை மிருகக்காட்சிச்சாலையா? புறகு 1935ல ஸ்பர்ஜன் எண்ட பொம்புள ஷேக்ஸ்பியர்ட உவமையெல்லாத்தையும் எண்ணி வகை பிரிச்சிப் புத்தகம் போட்டா. எண்ணுறதுல குத்தமில்ல. ஆனா எண்ணி முடிச்சாப் புறகாவது, இத்தனையும் ஆர்ட வாயில இருந்து, எப்ப வந்த எண்டு கேக்க வேணாமா?

கடைசியில என்ன நடக்குது? கொர்டீலியாவத் தூக்கில போட்டுக் கொல்றானுகள். கிழவன் அவள்ட மய்யத்தக் கையில ஏந்திக்கொண்டு வாறான். அப்பவும் மிருகத்தத்தான் நினைக்கான். ஆனா ஏச இல்ல. நாய்க்கும் குதிரைக்கும் எலிக்கும் உசிர் இரிக்கே, இவளுக்கு இல்லையே எண்டு பொறாமைப்படுறான். முந்தி ஏச எடுத்த அதே கூட்டம்தான்! இத வெள்ளக்காரனாலயே தாங்க ஏலல்ல. டேட் எண்டு ஒருத்தன் 1681ல முடிவ மாத்தி, கொர்டீலியாவ உசிரோட வச்சி, கலியாணமும் கட்டி வச்சான். நூத்தம்பது வருசம் போல மேடையில அதத்தான் பாத்துச் சந்தோசப்பட்டாங்க. நம்மட டீவி நாடகக்காரனுக்கு மூத்தப்பா அவன்.

இங்கிலாந்து ராசா மூணாம் ரிச்சர்ட் கதைய நான் சுருக்கமாச் சொல்லிப் போடுறன். நாடகத்துல அவனத் தேரை எண்டாங்க, சிலந்தி எண்டாங்க, நாய் எண்டாங்க, காட்டுப்பண்டி எண்டாங்க. பண்டி எண்டதுக்குக் காரணம் இரிக்கி: அவன்ட சின்னமே வெள்ளைக் காட்டுப்பண்டி. தான் கொடியில வச்சா வீரம், மத்தவன் வாயில சொன்னா ஏச்சு. 1484ல அவனையும் அவன்ட மந்திரிமாரையும் மிருகப் பேர் வச்சிப் பாட்டுக் கட்டிக் கோயில் கதவுல ஒட்டினவனக் கொண்டு போட்டாங்க. புறகு 1485ல ரிச்சர்டும் போரில போனான். 2012ல லெஸ்டர் நகரத்துல கார் நிப்பாட்டுற இடத்தக் கிண்டி அவன்ட எலும்ப எடுத்தாங்க. முதுகெலும்பு பக்கவாட்டுல வளைஞ்சிருந்த உண்மை. கை சூம்பினது எண்டு நாடகத்துல வாற கதை பொய். எலும்புல தேரையுமில்ல, பண்டியுமில்ல. முப்பத்திரெண்டு வயசு ஆம்புளட எலும்பு.

அவனச் சிலந்தி எண்டு ஏசினதுதான் எனக்கு ஏறாத. நபியவங்க ஒளிஞ்சிருந்த தவ்ர் குகை வாசல்ல வலை பின்னி, துரத்தி வந்தவனத் திருப்பி அனுப்பின சிலந்தி எண்டு கேட்டு வளந்த சனம் நாம. குர்ஆன்ல சிலந்திட பேரில ஒரு சூறா. மாட்டுட பேரில ஒண்டு, தேனீட பேரில ஒண்டு, எறும்புட பேரில ஒண்டு, யானைட பேரிலயும் ஒண்டு. குகைத் தோழர்மாரோட படுத்துக் கிடந்த நாயையும் மறக்காமச் சொல்லியிரிக்கி. லண்டன்ல ஏச்சாக் கிளம்பினது கல்முனைக்கு வந்து சேரக்குள்ள மரியாதையாகிப் போகுது. மூத்தம்மாட்டப் போய் ‘அவன் ஒரு சிலந்தி’ எண்டு சொல்லிப் பாரன். ‘அல்ஹம்துலில்லாஹ், எந்த ஊட்டுப் புள்ள?’ எண்டு கேப்பா.

ஒதெல்லோவையும் பாப்பம். அவனும் சோனகன், பதிவேட்டுல நாமளும் சோனகன், அதால கொஞ்சம் சொந்தம் எண்டு வை. நாடகம் தொடங்கி ஒதெல்லோட முகத்தச் சனம் காண முந்தியே, நடுராத்திரியில பொண்ணுட வாப்பாட ஜன்னலுக்குக் கீழ நிண்டு ஒருத்தன் கத்துறான். ஒதெல்லோ கறுத்தக் கிடாயாம், குதிரையாம். கத்தினவன் ஆர்? இயாகோ. அவனுக்கு என்ன கோவம்? பதவி உயர்வு கிடைக்கல்ல. கசியோவுக்குக் குடுத்திட்டாங்க. நீ என்ன செய்தாய்? அட்டவணையில ‘ஒதெல்லோ – கிடா’ எண்டு எழுதினாய். ப்ரமோசன் கிடைக்காதவன் இருட்டுல நிண்டு சொன்னத, நீ பகல்ல குந்தி மார்க்ஸ் எடுக்க எழுதுறாய். நல்லா வரும்.

அதே நாடகத்துல கடைசியா இயாகோவையும் நாய் எண்டுதான் சொல்றாங்க. ஒதெல்லோவும் சாகக்குள்ள ஒரு கதை சொல்றான். அலெப்போவுல துருக்கிக்காரன் ஒருத்தன நாய் எண்டு ஏசி வெட்டினானாம், அதே மாதிரித் தனக்கும் எண்டு குத்திக்கொள்றான். அந்த நாய் ஆர் தெரியுமா மகன்? சுன்னத்து வச்ச ஆள். நம்மாள். உன்ட வழிகாட்டிப் புத்தகத்துல இந்த இடத்த மெல்லத் தாண்டிப் போயிருப்பாங்க. நீ தாண்டாத. நிண்டு பாரு. கிடா எண்டு ஏச்சு வாங்கினவனே, சாகப் போற நேரத்துல இன்னொருத்தனுக்கு நாய் எண்டு பேர் வைக்கான். அவனுக்கும் அந்த ஊர்ப் பழக்கம் தொத்திப் போச்சி.

இந்த நாட்டுக்காரனுக்கு மிருக ஒப்பீடு படிப்பிக்க ஷேக்ஸ்பியர் வேணுமா? ஒருத்தன் சிங்கம் எண்டான். ஒருத்தன் புலி எண்டான். முப்பது வருசம் அடிபட்டானுகள். காட்டுல போய்ப் பாரு, இலங்கைக் காட்டுல சிங்கமுமில்ல, புலியுமில்ல. சிறுத்தைதான் இரிக்கி, அது ஆர்ட பக்கமும் சேரல்ல. நடுவுல நாம என்ன பாடுபட்டம் எண்டது உனக்கு நான் சொல்லித் தெரிய வேணாம். பேர் குடுத்த மிருகம் ரெண்டும் இந்தத் தீவுலயே இல்ல, மகன்!

நீ கட்டாயம் ஒரு மிருகத்தத்தான் எழுத வேணுமெண்டா, மிருகமே வாய் திறந்து கேக்கிற இடம் ஒண்டு இரிக்கி. வாலி. பக்கத்துத் தமிழ் ஊருகள்ல இராமாயணக் கதைக் கூத்தாடினா இளந்தாரியா இருக்கக்குள்ள நாங்களும் விடிய விடியப் பாயில குந்திப் பாத்திரிக்கம். மறைஞ்சி நிண்டு அம்பு விட்டான் ராமன். நெஞ்சுல அம்போட கிடந்த குரங்கு, இது என்ன நீதி எண்டு ராசகுமாரன்ட முகத்துக்கு நேர கேக்குது. வான்மீகிட ராமன் சொல்றான், நீ மிருகம், ராசாமார் மிருகத்த மறைஞ்சி நிண்டும் வேட்டையாடுவாங்க எண்டு. கம்பன்ல கதை திரும்புது. நாங்க குரங்குச் சாதி, உங்கட கலியாண ஒழுங்கெல்லாம் எங்களுக்கு இல்லையே எண்டு வாலி சொல்றான். நல்லது கெட்டது தெரிஞ்சவன் மிருகமில்ல எண்டு ராமன் சொல்றான். ஒரு புலவன் மிருகம் எண்டதால கொல்லலாம் எண்டான், மத்தவன் மிருகமில்ல எண்டதால தண்டிக்கலாம் எண்டான். எப்பிடிப் பாத்தாலும் வாலிட நெஞ்சுல அம்பு அதே அம்புதான்.

இந்த வழக்கு லேசுல முடியாது எண்டதுக்குச் சாட்சி வேணுமா? மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துல பிரதம நீதியரசரா இருந்த மு. மு. இஸ்மாயில், நம்மட மார்க்கத்துக்காரர், கம்பன் கழகம் நடத்தினவர். வாலி வதையப் பத்தியே தனிப் புத்தகம் எழுதினார். கோட்டுல ஆயிரம் வழக்குத் தீத்த மனிசன் ஒரு குரங்குட கேள்விக்குப் புத்தகம் எழுதியிரிக்கார், நீ ரெண்டு மணித்தியாலத்துல அம்புக்குறி போட்டு முடிக்கப் பாக்கிறாய்.

எழும்பு, போய் எழுது. முதல்ல ஏசினவன் ஆர், அவனுக்கு என்ன பறிபோச்சி, எந்த நேரத்துல வாய் திறந்தான் எண்டு எழுது. மிருகத்துட பேரக் கடைசியில போடு, இடம் மிஞ்சினா. அட்டையில புலி கீறப் போறன் எண்டு நிக்காத. போன வருசம் நீ கீறின பசுவ உன்ட உம்மா இண்டைக்கும் மேசை எண்டுதான் நினைச்சிக்கொண்டு இரிக்கா.